ஒயர் அக்காவும் பத்து நாற்பத்திரண்டு பஸ்ஸரும்

காலை பத்து நாற்பத்திரண்டுக்கு பஸ்ஸர் அடித்தது என்று கம்ப்யூட்டர் சொன்னது. அடிக்கவே இல்லை என்று வேன்காரர் சொன்னார். இரண்டில் எதை நம்புவது என்று தேர்வு அதிகாரி கேட்டபோது, ஒயர் அக்கா ஒரு நொடிகூட யோசிக்காமல் கம்ப்யூட்டர் பக்கம் கையைக் காட்டினார். தேர்வுக்கு அடுத்த ஆளாகக் கதவோரத்தில் நின்றிருந்த நான் அதைப் பார்த்தேன். வேன்காரர் முகம் அப்படியே சுண்டிப் போனது.

அது பஸ் டிரைவர் பயிற்சி நிலையத்தின் சிமுலேட்டர் அறை. முன்பு டயர் குடோனாக இருந்த இடம், இன்னமும் ரப்பர் வாடை போகவில்லை. பழைய பஸ் ஒன்றின் முன்பாதியை வெட்டி எடுத்து நடுவில் வைத்திருப்பார்கள். கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பெரிய திரைகள். எதிரொலி கேட்காமலிருக்கச் சுவரெல்லாம் பழைய கம்பளி. டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர், எஞ்சின் அதிர்வு முதுகில் ஏற வேண்டும் என்பதற்காக. அந்த ஸ்பீக்கரை அங்கே வைத்தது ஒயர் அக்காதான். அதிலிருந்து வந்த ஒவ்வொரு சத்தமும் அவர் செய்தது.

அவர் பதினெட்டு வருஷம் டிப்போவில் எலக்ட்ரீஷியன். பஸ்ஸுக்கு அடியில் மல்லாந்து படுத்தே பாதி ஆயுள் போனது என்பார். முதுகில் தட்டு விலகி, இனிக் குனியவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு இந்த அறைக்கு மாற்றினார்கள். வந்த முதல் நாள் சிமுலேட்டரின் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, இது பஸ்ஸா மிக்ஸியா என்று கேட்டாராம். ஒரே பதிவு, சுற்றிச் சுற்றி ஓடும். கியர் மாற்றினாலும் அதே சத்தம், மேடு ஏறினாலும் அதே சத்தம்.

இலவசமாகக் கிடைக்கிற ஒலி உருவாக்கும் மென்பொருள் ஒன்றை அக்கா தேடிப் பிடித்தார். எந்தச் சத்தத்தையும் அதில் பூஜ்யத்திலிருந்து செய்யலாம். ஆனால் எல்லாமே மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குமிழாகத் திருப்ப வேண்டும். ஓடுகிற பஸ்ஸுக்கு யார் உட்கார்ந்து குமிழ் திருப்புவது? எளிய ஸ்கிரிப்ட் மொழியில் நாலு வரி எழுதினால் அந்த மென்பொருள் சொன்னபடி கேட்க வேண்டும். அப்படி ஓர் எக்ஸ்டென்ஷன், அதாவது ஸ்கிரிப்டுக்கும் ஒலிக்கும் நடுவே ஒரு பாலம், யாரும் எழுதவில்லை. அக்காவே எழுத உட்கார்ந்தார். நாற்பத்து நான்கு வயதில், புத்தகத்தைப் பார்த்துப் படித்து, பதினோரு மாசம். வீட்டில் அவர் கணவர் தையற்காரர். ஒரு அறையில் தையல் மெஷின், அடுத்த அறையில் எஞ்சின் உறுமல். ஏம்மா, உன் பஸ் இன்னும் டிப்போவை விட்டே கிளம்பலையா என்று தினமும் கேட்பாராம்.

கிளம்பியது. எப்படிக் கிளம்பியது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் புல்லரிக்கிறது. மேட்டில் திணறியது, இறக்கத்தில் மூச்சுவிட்டது, மழை வந்தால் கூரையில் சடசடத்தது, வைப்பர் கண்ணாடியில் தேய்த்துத் தேய்த்துப் போனது. இரண்டு மாதமாகத் தேர்வும் அதிலேயே நடந்தது. வரும் திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து வந்து பார்த்துவிட்டு, மற்ற பயிற்சி நிலையங்களுக்கும் இதையே எடுத்துக்கொள்வதாக இருந்தார்கள்.

தேர்வு அதிகாரியை நாங்கள் பிரேக் சார் என்போம். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் தேர்வில் ஒரு வழக்கம் உண்டு. பிரேக்குக்கான காற்றழுத்தம் குறைந்தால் எரிகிற சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிடுவார். வெயிலில் விளக்கு தெரியாது, காதுதான் பிடிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நாற்பது நிமிஷ ஓட்டத்தில் முப்பத்தெட்டாவது நிமிஷம், காற்று குறைந்துவிட்டது என்று பஸ்ஸர் அடிக்கும். அடித்த பத்து நொடிக்குள் ஓரம் கட்ட வேண்டும்.

வேன்காரர் ஓரம் கட்டவில்லை. அவர் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போனார்.

முப்பத்தெட்டு வயது. டெலிவரி வேன் ஓட்டிப் பிழைப்பவர். அவருக்கு இது மூன்றாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பும் அதுதான். பஸ் வேலை போனால்கூடப் பரவாயில்லை. ஆனால் பிரேக் சார் படிவத்தில் எழுதியது வேறு. 'செவித்திறன் சந்தேகம்'. அந்த இரண்டு வார்த்தையோடு தேர்வு முடிவு லிஸ்ட் நான்கு மணிக்கு மேலிடத்துக்குப் போய்விட்டால், அவருடைய லைசென்ஸையே நிறுத்தி வைப்பார்கள். வேனையும் தொட முடியாது. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

வெளியே தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றுகொண்டு அவர் சாவிக்கொத்தை வலது காதோரம் ஆட்டினார். பிறகு இடது காதோரம். பிறகு மனைவிக்குப் போன் செய்து, எதையாவது மெதுவாகப் பேசு, இன்னும் மெதுவாகப் பேசு என்றார். பார்க்கவே எனக்கு என்னவோ போலிருந்தது.

முடிவுத் தாளில் கையெழுத்து வாங்க அக்கா வெளியே வந்தார். வேன்காரர் சண்டை போடவில்லை. கையெழுத்தைப் போட்டுக்கொண்டே தனக்குத் தானே பேசுகிற மாதிரி சொன்னார்.

"எஞ்சின் கேட்டுச்சுக்கா. மழை கேட்டுச்சு. வைப்பர்கூட கேட்டுட்டுதான் இருந்துச்சு, நடுவுல அதுவும் நின்னுடுச்சு. அப்பவே காது போயிருக்கும் போல."

தாளை வாங்க நீட்டிய அக்காவின் கை அப்படியே நின்றது.

"வைப்பர் எப்ப நின்னுச்சு?"

"பாலம் இறங்கி, ரெண்டாவது ரைட் எடுத்த பிறகு. ஸ்க்ரீன்ல ஓடிட்டே இருந்துச்சு. சத்தம் மட்டும் இல்ல."

அவர் தாளைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா அறைக்குள் வந்து கம்ப்யூட்டர் எழுதிவைத்த பதிவைத் திறந்தார். வைப்பர், தொடக்கம் முதல் முடிவு வரை, ஆன். ஒரு நொடி இடைவெளி இல்லை. காது போனவனுக்கு எஞ்சின் கேட்குமாம், மழை கேட்குமாம், வைப்பர் மட்டும் பாலத்துக்கு அப்புறம் கேட்காதாம். அப்படி ஒரு காது உண்டா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவருடைய கழுத்தில் வியர்வை இறங்குவது தெரிந்தது.

அரை மணி நேரம் அவர் தன்னுடைய நிரலை வரி வரியாகப் படித்தார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது இதுதான். ஸ்கிரிப்ட் மொழிக்குள் பெருக்குகிற ஆள் ஒருவன் உண்டு. தேவையற்ற பொருள்கள் எழுநூறு சேர்ந்தால் வருவான். யார் கையிலும் இல்லாத பொருளையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டுப் போவான். தேர்வு தொடங்கும்போதே எக்ஸ்டென்ஷன் முக்கியமான சத்தங்களையெல்லாம் செய்து வைத்துவிட்டு, ஸ்கிரிப்டிடம் எண் போட்ட டோக்கனை மட்டும் கொடுக்கும். எஞ்சின் சத்தத்தையும் மழையையும் ஸ்கிரிப்ட் விடாமல் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பதால் அவை அதன் கையிலேயே இருக்கும். வைப்பரையும் பஸ்ஸரையும் யாரும் பிடித்திருக்கவில்லை. பெருக்குகிறவன் வந்தால் இரண்டும் போச்சு. டோக்கன் கையில் இருக்கும், பொருள் அறையில் இருக்காது. 'பதினான்காம் எண், ஒலி' என்று ஸ்கிரிப்ட் சொல்லும். இல்லாத பொருள் மறுத்துப் பேசாது. சொன்னதையே நடந்ததாகப் பதிவு எழுதிக்கொள்ளும்.

நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவர் எழுதிய சோதனைகள் இருநூற்றுப் பதினான்கு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதியவை. எல்லாமே பச்சை, அதாவது பாஸ். ஆனால் ஒவ்வொன்றும் மூன்று நொடி ஓடும், அந்த மூன்று நொடியும் சத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடும். பெருக்குகிறவன் வரவே வழியில்லை.

அக்கா முதலில் வீட்டுக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்லிவிட்டு, இன்றைக்குச் சொன்னால் திங்கட்கிழமை அவ்வளவுதான் என்றார். தையல் மெஷின் நின்ற சத்தம் எனக்கே கேட்டது. கணவர் சொன்ன பதில் அதைவிடத் தெளிவாகக் கேட்டது. "அளவ தப்பா எடுத்துட்டு, உங்களுக்குக் கை நீளம்னு கஸ்டமர்கிட்ட சொல்ற கதையா இருக்கே."

அக்கா போனை வைத்துவிட்டு நேராக பிரேக் சாரிடம் போனார்.

பிரேக் சார் முழுதும் கேட்டார். டோக்கன், பெருக்குகிறவன் எல்லாம் அவருக்குப் பிடிபடவில்லை. காலையில் பதிவு சரி என்று அடித்துச் சொன்னதும் நீதான், இப்போது தப்பு என்பதும் நீதான் என்றார்.

"பேப்பர்ல காட்டாத. என் காதுக்குக் காட்டு. நாலு மணி வரைக்கும் லிஸ்ட் என் மேஜைலதான் இருக்கும்."

மணி பன்னிரண்டே கால். சாப்பாடு யாருக்கும் நினைவில்லை. அக்காவே கேபினில் ஏறி, அதே மழை, அதே ரூட்டை ஓட்டினார். நாற்பது நிமிஷம். வைப்பர் கடைசி வரை தேய்த்துக்கொண்டே இருந்தது. பஸ்ஸர் கணீரென்று அடித்தது. பிரேக் சார் வெளியே போனார். அடுத்து அக்கா என்னை ஏற்றினார். நான் ஓட்டினேன். பாலம் வந்தது, இரண்டாவது ரைட் வந்தது, வைப்பர் நிற்கவில்லை. பஸ்ஸர் மறுபடி கணீர். மணி இரண்டைத் தொட்டிருந்தது. எனக்கு அழுகை வரும் போலிருந்தது.

இறங்கும்போது அக்கா கேட்டார்.

"நீ ஏன் இண்டிகேட்டரைச் சரியா போடல?"

"ஸ்க்ரீன்ல பின்னாடி யாருமே வரலையேக்கா."

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிரேக் சாரிடம் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அக்கா ஓடிப்போய்ப் பதிவைத் திறந்தார். இண்டிகேட்டர் மட்டும் வேறு மாதிரி, ஒவ்வொரு டிக்குக்கும் ஸ்கிரிப்ட் புதிதாக ஒரு சத்தத்தைச் செய்து, ஒலித்து, தூக்கிப் போடும். வீசியது எல்லாம் குப்பையாகச் சேரும். என்னுடைய ஓட்டத்தில் டிக் நாற்பது. அக்கா ஓட்டியதில் ஒன்றுகூட இல்லை. பதினெட்டு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தவர் பஸ் ஓட்டியதே இல்லை, ஸ்டியரிங்கையும் பெடலையும் தவிர எதையும் தொடத் தோன்றவில்லை. எங்களில் பலரும் சிமுலேட்டர்தானே என்று விட்டுவிடுகிறவர்கள்தான். வேன்காரர் ஓட்டத்தில் டிக், ஆயிரத்து நூறு. லேன் மாற்றினால் போட்டிருக்கிறார், திரும்பினால் போட்டிருக்கிறார், சிக்னலில் நிற்கும்போதும் அணைக்காமல் வைத்திருந்திருக்கிறார். இரண்டு மாதத்தில் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு ஓட்டிய முதல் ஆள் அவர். அதற்குத்தான் ஃபெயில்.

அக்கா ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினார். எழுநூறு டிக்கை வேகமாகத் தட்டியது. அரை நிமிஷத்தில் வைப்பர் செத்துப்போனது. பிரேக் சாரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் மறுப்பாகத் தலையை ஆட்டினார். கோளாறை நீயே உண்டாக்கி நீயே காட்டினால் மேலே கேட்பார்கள், எனக்கும் பதில் இருக்காது என்றார். காலையில் ஓட்டிய அதே ஆள் ஓட்ட வேண்டும், மெஷினில் ஒரு எழுத்தைத் தொடக்கூடாது, அவனிடம் யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பஸ்ஸர் அடித்தால் எழுதியது எழுதியதுதான்.

வேன்காரர் வீட்டுக்குப் பாதி வழி போயிருந்தார். திரும்பி வந்து சேர இரண்டு ஐம்பது. எதற்கு என்று அவருக்குத் தெரியாது. இன்னொரு தடவை ஓட்டிக் காட்டு என்று மட்டும் பிரேக் சார் சொன்னார். அவர் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஏறினார்.

மூன்று மணிக்கு எஞ்சின் உறுமியது. மழை விழுந்தது. வைப்பர் தேய்த்தது. அக்கா பின்னால் சின்னத் திரையில் டிக் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் அவர் தோள் பக்கம்.

முதல் திருப்பத்தில் வேன்காரர் இண்டிகேட்டர் போடவில்லை.

பயத்தில் எல்லாம் மறந்துவிட்டது அவருக்கு. தோள் விறைத்திருந்தது, காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு சத்தமாகத் தேடிக்கொண்டிருந்தார். இரண்டாவது திருப்பத்திலும் போடவில்லை. எண்ணிக்கை பூஜ்யம். அக்கா வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிரேக் சார் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது திருப்பத்தில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. வேன்காரர் பிரேக் மிதித்து, தன்னையறியாமல் இடது கையை நீட்டிக் கம்பியைத் தட்டினார். டிக், டிக், டிக். அதற்குப் பிறகு பழைய வேன்காரர் வந்துவிட்டார். நூறு. இருநூற்றைம்பது. பாலம் ஏறும்போது நானூறு. ஆனால் காலையில் பாலத்தில் இதைவிட அதிகம் இருந்தது. இறங்கும்போது ஐந்நூற்றுப் பத்து. ரைட் எடுத்தார், ஐந்நூற்று அறுபது. முப்பத்தாறாவது நிமிஷம். இன்னும் இரண்டு நிமிஷத்தில் பஸ்ஸர். வராது, எழுநூறு வராது என்று நான் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசி சிக்னல் சிவப்பு விழுந்தது. அவர் ரைட் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு நின்றார். அறையில் மழையும் அந்த டிக்கும் மட்டும். அறுநூற்று இருபது. அறுநூற்று எழுபது. பச்சை விழுந்தது, எதிரே லாரி, காத்திருந்தார். அறுநூற்றுத் தொண்ணூற்றாறு.

வைப்பர் நின்றது.

திரையில் ஆடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. பிரேக் சாரின் கட்டிய கை பிரிந்தது. அவர் கேபினுக்குள் எட்டி, சீட்டுக்குக் கீழே இருந்த ஸ்பீக்கர் பக்கம் குனிந்து காதை வைத்தார். எஞ்சின், மழை. பின்னால் பதிவுத் திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. பஸ்ஸர், ஆன். அறையில் ஒன்றும் அடிக்கவில்லை. பத்து நொடி போனது. வேன்காரர் ரோட்டைப் பார்த்து நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"நிறுத்துப்பா" என்றார் பிரேக் சார்.

நான் அக்காவின் கையைப் பிடித்துவிட்டேன். ஆனால் பிரேக் சார் லிஸ்ட்டைத் தொடவில்லை. சத்தம் வரவில்லை என்று தெரிந்துவிட்டது, இவனுக்குக் காது இருக்கிறதா என்று இன்னும் தெரியவில்லை என்றார். மணி மூன்று நாற்பத்தைந்து. எங்களையெல்லாம் முற்றத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அங்கே நிஜ பஸ் ஒன்று நின்றது. வேன்காரரைக் கடைசி சீட்டில், பின் கண்ணாடியைப் பார்த்தபடி முட்டி போட வைத்தார். பஸ்ஸர் கேட்டால் கையைத் தூக்கு என்றார். டேப்பை எடுத்துக் கண்ணாடியில் எதுவும் தெரியாதபடி வேன்காரரின் முகத்துக்கு நேரே ஒரு பழைய அட்டையையும் ஒட்டினார். அந்த மனிதர் அப்படித்தான்.

எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் போட்டு, பிரேக் பெடலை மிதிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு மிதிக்கும் புஸ்ஸென்று காற்று வெளியேறியது. காற்றழுத்த முள் இறங்கியது. வெளியே ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, யாரோ ஒர்க்‌ஷாப்பில் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது மிதி. எட்டாவது மிதி. நான் வேன்காரரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது.

ஒன்பதாவது மிதியில் அவர் கை மேலே போனது. அதற்குப் பிறகுதான் எனக்கே பஸ்ஸர் கேட்டது.

பிரேக் சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முன் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டார் போலிருக்கிறது. கையோடு கொண்டுவந்திருந்த லிஸ்ட்டை டாஷ்போர்டில் வைத்தே அந்த இரண்டு வார்த்தையையும் அடித்தார். அடித்ததற்குப் பக்கத்தில் கையெழுத்து, நேரம். மூன்று ஐம்பத்து மூன்று. மறுதேர்வு புதன்கிழமை, பழைய மிக்ஸி சத்தத்தில். அக்காவின் எக்ஸ்டென்ஷன் அன்றே தேர்வு மெஷினிலிருந்து வெளியே. திங்கட்கிழமை யாரும் வர வேண்டாம் என்று தலைமை அலுவலகத்துக்கு அவரே போன் போட்டார். திருத்தம் ஒரே வரிதான், இப்போதே போட்டுவிடலாம் என்று அக்கா வாதாடவில்லை. தானே உட்கார்ந்து அழித்தார். பிறகு கோளாறுப் பதிவேட்டை எடுத்து, கோணல்மாணலான தன் கையெழுத்தில் எழுதினார். பஸ்ஸர் ஒலிக்கவில்லை. பதிவு தவறு. ஓட்டுநர் சரி. எழுதியது நான், சோதித்தது நான், காலையில் சான்று சொன்னதும் நான்.

வேன்காரர் வாசலில் தயங்கி நின்றார். மனைவியிடம் போனில் எல்லாம் கேட்கிறது, எல்லாம் கேட்கிறது என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். கண் சிவந்திருந்தது. அக்காவிடம் வந்து, நீங்க சொல்லலன்னா எனக்கே தெரிஞ்சிருக்காதுக்கா என்றார்.

அக்கா பதிவேட்டை மூடினார்.

"காலைல நான் சொன்னதாலதான் நீங்க ஃபெயில். யார்கிட்டயாவது சொன்னா அதையும் சேத்து சொல்லுங்க."

அதனால்தான் நான் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன். அவர் போன பிறகு அக்கா தன் மேஜைக்கு வந்து இருநூற்றுப் பதினைந்தாவது சோதனையை எழுதத் தொடங்கினார். அது மூன்று நொடி ஓடுகிற சோதனை இல்லை. நாற்பது நிமிஷம், முழு மழை, ஒவ்வொரு திருப்பத்துக்கும் இண்டிகேட்டர். ஓடவிட்டார். முப்பத்தோராவது நிமிஷம் அது சிவப்பில் விழுந்தது, கோளாறு அதற்குப் பிடிபட்டுவிட்டது. அன்று முழுக்க முதல்தடவையாக அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.